முழியன் படத்தில் நான் பேசாத சுருள்

அந்த நடிகரின் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. முதல் சுருளின் முதல் சில அடிகள் கிழிந்துபோன பிறகுதான் படம் மலாய் நாட்டில் எங்கள் ஊரான கிள்ளானுக்கு வந்தது. பெயர்களெல்லாம் அந்தக் கிழிசலோடு போய்விட்டன. ஆனால் என் கூடப்பிறந்த தம்பியைவிட அவரோடு நான் அதிகப் பொழுதைக் கழித்திருக்கிறேன். பன்னிரண்டு ஆண்டுகள் அவரைக் கேலி செய்தே பிழைத்தேன். இப்போது அவருக்கு நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது. எந்த ஊருக்கு எழுதுவது என்று தெரியாததால் இங்கே எழுதுகிறேன்.

பேசும்படக் கொட்டகைகளில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பையன்கள் என்னைக் கண்டால், "படம் பேசாத காலத்துல நீங்க அப்படி என்னதான் பேசுனீங்கண்ணே?" என்று கேட்கிறார்கள். ஊமைப்படம் போய்ச் சில ஆண்டுகள்தான் ஆகின்றன. அதற்குள் எங்கள் வேலை என்னவென்று விளக்கிச் சொல்ல வேண்டிய நிலைமை வந்துவிட்டது. ஆகவே அதையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

என் தகப்பனார் ரயில்வேயில் கிராணி, அதாவது குமாஸ்தா. கிள்ளானில் ஆங்கிலப் பள்ளியில் ஏழாம் வகுப்புவரை என்னைப் படிக்க வைத்தார். பிறகு ஓர் அரிசி மண்டியில் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். படக்கொட்டகையில் கதை சொல்லிக்கொண்டிருந்தவர் ஊருக்குக் கப்பலேறியதும், ஆங்கிலம் படிக்கத் தெரிந்த, கூச்சமில்லாத தமிழன் ஒருவன் வேண்டுமென்று தேடினார்கள். ஆங்கிலம் எனக்குத் தெரிந்திருந்தது. கூச்சம் இரண்டு மாதத்தில் போய்விட்டது. அன்றுமுதல் கிள்ளானில் என் சொந்தப் பெயரை யாரும் சொன்னதில்லை. நான் 'கதைக்காரர்'தான்.

வெள்ளிக்கிழமை காலையில் காலிக் கொட்டகையில் புதுப்படத்தை ஒருமுறை ஓட்டுவார்கள். பார்ப்பவர்கள் இரண்டே பேர். கைப்பிடியைச் சுற்றுகிற ஆபரேட்டர் ஆரோக்கியம், அப்புறம் நான். படத்தின் நடுநடுவே வருகிற ஆங்கில எழுத்துகளை ஒரு தாளில் எழுதிக்கொள்வேன். மறுநாள் ஆட்டத்தில் திரைக்கு இடது பக்கம் ஒரு மரப்பெட்டியின் மேல் ஏறி நிற்பேன். கையில் ஒரு வெண்கல மணி. ஒருமுறை அடித்தால் ஆரோக்கியம் மெதுவாகச் சுற்ற வேண்டும். இரண்டுமுறை அடித்தால் வேகமாக. எழுத்து வந்தால் தமிழில் சொல்வேன், மலாய்க்காரர்கள் வந்திருந்தால் மலாயிலும் இரண்டு வார்த்தை. எழுத்து வராத இடத்தில் நானே ஏதாவது சொல்ல வேண்டும். சுருள் மாற்றும்போதும், படம் அறுந்து ஆரோக்கியம் பசை தடவி ஒட்டும்போதும் பேச்சை நிறுத்தக் கூடாது.

இந்த வேலையில் ஒரு குறை உண்டு. கதை சொல்பவன் படத்தைப் பார்ப்பதில்லை. வெள்ளிக்கிழமை ஒருமுறை பார்ப்பதோடு சரி. அதற்குப் பிறகு அவன் முகம் சனங்களின் பக்கம்தான் இருக்கும். எங்கே சிரிக்கிறார்கள், எங்கே கொட்டாவி விடுகிறார்கள் என்று பார்த்துத்தான் அவன் பேச முடியும்.

எங்கள் மானேஜர் மரைக்காயர் அதைவிட ஒரு படி மேலே. அவர் படமே பார்த்ததில்லை. வாசலில் ஒரு பிரம்பு நாற்காலியில், கொட்டகைச் சுவரில் முதுகைச் சாய்த்து, வெற்றிலையை மென்றபடி உட்கார்ந்திருப்பார். "படம் பாக்கறது ஒங்க வேலைலா. சனத்தக் கேக்கறதுதான் என் வேலை" என்பார். உள்ளே எழும் சத்தத்தை வைத்து எத்தனையாவது சுருள் ஓடுகிறது என்று சரியாகச் சொல்லிவிடுவார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. உள்ளே சத்தம் அடங்கினால் மட்டும் எழுந்து வந்து, வாசல் திரையை விலக்கி என்னைப் பார்ப்பார். அது போதும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் எனக்கு அவர் சொன்ன பாடம் ஒன்றே ஒன்றுதான். "படம் அறுந்தா ஆரோக்கியம் ஒட்டுவான். ஒன் வாய் அறுந்தா யாரு ஒட்டறது?"

முழியன் படம் எங்கள் கொட்டகை முதலாளி, சீனத் தவுக்கே, வாடகைக்கு எடுக்காமல் மொத்தமாக வாங்கிப்போட்ட படம். அதனால் புதுப்படம் கொண்டுவரும் கப்பல் தாமதமானால் முழியன்தான். முழியன் என்பது நாங்கள் வைத்த பெயர். ஏதோ ஒரு வெள்ளைக்காரத் தேசத்துப் படம். தீவுக் கொள்ளைக்காரர்களிடம் சிக்கிய தம்பியைத் தேடி ஒரு மாலுமி போகிறான். பள்ளத்தாக்கைக் கயிற்றில் தொங்கியபடி கடக்கிறான், புலியோடு கட்டிப்புரள்கிறான், கடைசியில் தம்பி அவன் மடியிலேயே செத்துப்போகிறான். இதையெல்லாம் அந்த நடிகர் கண்ணை உருட்டி, நெஞ்சில் அறைந்து, இரண்டு கையையும் வீசி வீசி நடித்திருந்தார். பசித்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு முழிப்பார், யோசித்தால் நெற்றியில் தட்டிக்கொண்டு முழிப்பார். புலி பஞ்சடைத்த புலி. அதன் வயிற்றில் தையல் தெரியும். முன்வரிசையிலிருந்து, "யோவ், புலிக்கு வலிக்குது, விடுய்யா!" என்று கத்துவார்கள்.

கடைசிச் சுருளில் முழியன் தம்பியின் தொப்பியோடு வீடு திரும்புவான். கிழத்தாய் கதவைத் திறந்து, அவனுக்குப் பின்னால் இன்னொருவன் வருகிறானா என்று எட்டிப் பார்ப்பாள். அவன் கடலைக் காட்டுவான், நெஞ்சில் அடித்துக்கொள்வான், பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துத் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டுவான். நெடுநேரம் எழுத்தே வராது. நான்தான் நிரப்ப வேண்டும். "பசிக்குதும்மா! சட்டியத் தொறந்து பாத்தேன். ஒண்ணுமே இல்லம்மா!" என்பேன். கொட்டகை அதிரும். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் மரைக்காயர் எழுந்து கதவுகளைத் திறந்துவிடுவார். பன்னிரண்டு ஆண்டுகள் இப்படித்தான் நடந்தது.

பேசும்படம் வந்தது. எனக்கு வேலை போயிற்று. மூத்தவன் ரயில்வே பட்டறையில் சேர்ந்துவிட்டதால் நாங்கள் கிள்ளானை விட்டு, பட்டறைக்குப் பக்கத்தில் பிரிக்பீல்ட்ஸுக்கு வந்தோம். ஓர் அச்சகத்துக்கு வீட்டிலிருந்தே பிழை திருத்திக் கொடுத்தேன். குறையொன்றும் இல்லை.

சென்ற ஆண்டு என் மகள் கமலத்துக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. அப்போது அவளுக்குப் பத்து வயது. பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். உயிர் பிழைத்தாள். காது போய்விட்டது. வீட்டுக்கு அனுப்புகிற அன்று, கட்டிலிலிருந்து கமலம் பார்த்துக்கொண்டிருக்க, டாக்டர் என்னைத் தனியே அழைத்து, நரம்பு கெட்டுவிட்டது, இனிக் கேட்காது, வீண் செலவு செய்யாதீர்கள் என்று ஆங்கிலத்தில் தெளிவாகச் சொன்னார். வெளியே வந்ததும் என் மனைவி சிவகாமி கேட்டாள், "என்னங்க சொன்னாரு?"

"கொஞ்ச நாளாவுமாம்" என்றேன்.

இந்த இரண்டு வார்த்தைகளை நான் எப்படிச் சொன்னேன் என்று இன்றும் எனக்குப் புரியவில்லை. பேசிப் பழகிய வாய், எழுத்து வராத இடத்தைத் தானாகவே நிரப்பிவிட்டது போலிருக்கிறது.

அதற்குப் பிறகு பொய் வளர்ந்தது. சிவகாமி நம்பிக்கையோடு சொல்வாள். நான் சிலேட்டில் எழுதி மகளிடம் காட்டுவேன். அடுத்த மாதம் கேட்கும். மழைக்காலம் போனால் கேட்கும். தைப்பூசத்துக்குப் பத்துமலையில் பால்குடம் எடுத்தால் கேட்கும். கமலம் பால்குடம் எடுத்தாள். அத்தனை படியையும் ஏறி, பாலை ஊற்றி முடித்ததும் என் முகத்தைப் பார்த்தாள். சுற்றிலும் மேளமும் வேல் முழக்கமும் குகையே இடிந்துவிழுவது போலக் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். அன்று மாலை சிலேட்டைக் கவிழ்த்து வைத்தவள்தான், அதன்பின் எடுக்கவே இல்லை. பேசவும் இல்லை. காய்ச்சலுக்கு முன்பு கிளி மாதிரி பேசிய பிள்ளை. அவள் பேச்சை மறந்துவிடவில்லை. எங்களோடு பேசுவதற்கு அவளுக்கு எதுவும் இல்லாமல் போய்விட்டது.

அந்த மாதமே, வீட்டுக்குப் பின்னால் தண்டவாளத்தைக் கடக்கும்போது, ஊதிக்கொண்டே வந்த எஞ்சின் அவளுக்குக் கேட்கவில்லை. ஒரு ரயில்வே தொழிலாளி பாய்ந்து இழுத்துப் போட்டார். முழங்கை சிராய்ப்போடு தப்பினாள். இதை எழுதும்போதும் அவள் எந்த அறையில் இருக்கிறாள் என்று இரண்டுமுறை எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அதன்பிறகு அவளைத் தனியே விட்டு நான் எங்கும் போனதில்லை.

இந்த நிலைமையில்தான் ஒருநாள் காலை ஆரோக்கியம் கிள்ளானிலிருந்து ரயிலேறி வந்தான்.

"அண்ணே, பேசற மிசினு வாய மூடிக்கிச்சு. சாமான் சிங்கப்பூருலேருந்து வரணுமாம். சனிக்கிழம மத்தியான ஆட்டத்துக்கு மரைக்காயரு முழியன எடுக்கச் சொல்லிட்டாரு. பழைய கைமிசினத் தொடச்சு எண்ண போட்டு வச்சிட்டேன். நீங்க வந்தாப் போதும்."

"நான் எங்கயும் போறதில்ல ஆரோக்கியம்."

அடுப்படியிலிருந்து சிவகாமி எட்டிப் பார்த்தாள். "போய்ட்டு வாங்க. வீட்டுலயே ஒக்காந்து ஒக்காந்து நீங்களும் ஊமையாயிட்டீங்க. அவளையும் கூட்டிட்டுப் போங்க. ரயில்ல சன்னலோரமா ஒக்கார வைங்க."

"அவளுக்கு அங்க என்ன புரியும்?"

"இங்க மட்டும் என்ன புரியுதாம்?"

சனிக்கிழமை கமலத்தை முன்வரிசைப் பெஞ்சின் ஓரத்தில், என் பெட்டிக்கு மூன்று முழம் தள்ளி உட்கார வைத்தேன். துறைமுகத் தொழிலாளிகள், பண்டமாரான் பக்கத்து ஆட்கள், பிள்ளை குட்டிகளோடு தோட்டத்துச் சனங்கள் என்று கொட்டகை நிறைந்தது. பழைய ஆட்கள் என்னைக் கண்டதும் கூச்சலிட்டார்கள்.

"கதைக்காரரே! முழியன் செத்துட்டான்னுல நெனச்சோம்!"

"அவன் செத்தாலும் அவன் கண்ணு சாகாதுய்யா!" என்றேன்.

விளக்கு அணைவதற்குள் பாதி வேலை முடிந்துவிட்டது. நீண்ட நாளுக்குப் பிறகு என் குரல் எனக்கே இனித்தது. முதல் சுருள் முழுக்கச் சிரிப்பு. இரண்டாவதில் மகளை ஒருமுறை பார்த்துக்கொண்டேன். பெஞ்சின் நுனிக்கு வந்து, தலையை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள். மூன்றாவதில் கயிற்றுக் காட்சி. "சலவைக்காரன் கொடியில நல்ல சட்டையாப் பாத்து எடுக்கப் போறான் பாருங்க" என்றேன். கொட்டகை சிரித்தது. கமலம் மட்டும் பெஞ்சை இரு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். அவள் எதைப் பார்த்து அப்படிப் பயப்படுகிறாள் என்று நான் திரையின் பக்கம் திரும்பினேன்.

அந்தக் கயிற்றில் தொங்கியது பொம்மையல்ல. மாற்று ஆளும் அல்ல. முழியனேதான். கீழே நிஜமான பள்ளம், பாறை, நுரைத்து ஓடும் ஆறு. இடையில் எங்கும் வெட்டி ஒட்டவில்லை. ஒரு கரையிலிருந்து மறு கரைவரை அந்த மனிதர் உண்மையாகவே போயிருக்கிறார். கரையேறியதும் உள்ளங்கையை விரித்துப் பார்த்துக்கொள்கிறார். தோல் உரிந்திருக்கிறது. இதை நான் படம் வந்த அந்த முதல் வெள்ளிக்கிழமை பார்த்திருக்க வேண்டும். நினைவில்லை.

புலிச் சண்டையில் எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு கமலம் சிரித்தாள். காய்ச்சலுக்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். மறுபடி திரும்பிப் பார்த்தேன். புலியைக் கொன்று எழுந்த முழியன், யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிலும் நோக்கிவிட்டு, கால்சட்டையின் பின்புறம் கிழிந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொள்கிறான். நான் பேசுகிற பேச்சில் இந்த இடத்தைக் கிள்ளானில் ஒருவரும் கவனித்ததில்லை. அவர் சிரிக்க வைப்பதற்காகவே அதைச் செய்திருக்கிறார், நாங்கள் அதற்கு முன்பே வேறு எதற்கோ சிரித்து முடித்துவிட்டோம்.

அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கிற்று. அவர் நடிப்பு மோசம்தான், அதில் மாற்றமில்லை. நல்ல நடிகர்கள் பாதியைக் காட்டிப் பாதியை மறைப்பார்கள். இவருக்கு மறைக்கவே தெரியாது. பயந்தால் பயம், பசித்தால் பசி, எல்லாமே கடைசி வரிசைக்கும் தெரிகிற அளவுக்கு. அந்தக் கொட்டகையில் இருந்த முந்நூறு பேரில் கதையை அப்படியே வாங்கிக்கொண்டவள், நான் பேசியது எதையும் கேட்காத என் மகள் ஒருத்திதான்.

கடைசிச் சுருள். கிழத்தாய் கதவைத் திறந்தாள். அவனுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். கமலம் எழுந்து நின்றுவிட்டாள்.

சட்டி வசனம் என் நாக்கில் இருந்தது. சனங்களும் அதற்காகக் காத்திருந்தார்கள். நான் சொல்லவில்லை.

"கதைக்காரரே, பேசுங்க!"

"சட்டியக் காணோமா?"

யாரோ விசிலடித்தார்கள். ஒரு கச்சான் கடலைத் தோல் என் மேல் வந்து விழுந்தது. மேலே மிஷின் அறையில் ஆரோக்கியம் எனக்கு ஏதோ மயக்கம் என்று நினைத்தானாம். நான் மணியடிக்காமலே கைப்பிடியை மெதுவாகச் சுற்றினான். திரையில் முழியனின் கை மிக மெதுவாகக் கடலைக் காட்டியது. மிக மெதுவாக நெஞ்சில் போய் விழுந்தது. இரண்டு உள்ளங்கைகளும் விரிந்தன. தலை அசைந்தது. விசில் நின்றது. கிழவி அவனை அடிக்கக் கையை ஓங்கி, அந்தக் கையாலேயே அவன் முகத்தைத் தடவினாள். அதையும் நான் அன்றுதான் பார்த்தேன். கொட்டகையில் கைமிஷினின் கடகடப்பைத் தவிர வேறு சத்தமில்லை.

வாசல் திரை விலகியது. சத்தம் அடங்கியதைக் கேட்டு மரைக்காயர் எழுந்து வந்துவிட்டார். என்னைப் பார்த்தார். பிறகு எல்லோரும் பார்க்கிற இடத்தைப் பார்த்தார். படம் முடிகிறவரை வாசல் திரையைப் பிடித்தபடி அங்கேயே நின்றார்.

சனங்கள் கலைந்ததும் அவரிடம் போனேன். "மன்னிக்கணும் பாய். வாய் அறுந்துபோச்சு."

அவர் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். "என்னாய்யா இப்படி நடிக்கிறான் அவன்? ரொம்ப மோசம்லா" என்றார். சற்றுப் பொறுத்து, "ஆனா அந்தக் கெழவிக்குப் புரிஞ்சிருச்சு" என்றார். கமலத்தின் தலையில் கை வைத்துவிட்டு, கதவுகளைச் சாத்தப் போனார்.

கிள்ளான் ஸ்டேஷனில் ரயிலுக்கு அரைமணி நேரம் இருந்தது. பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். கமலம் எழுந்து என் எதிரே நான்கு அடி தள்ளிப் போய் நின்றாள். காதைத் தொட்டாள். தூரத்தைக் காட்டினாள். அந்தத் தூரத்திலிருந்து ஏதோ ஒன்று தன் பக்கம் நடந்து வருவது போல விரல்களை நடக்கவிட்டாள். புருவத்தைத் தூக்கி, முழியன் முழிப்பது போலவே முழித்து என்னைப் பார்த்தாள்.

வருமா?

நான் சிரித்தபடி, சாமி தரும் என்று கோயில் இருக்கும் திசையைக் காட்டக் கையைத் தூக்கினேன். பழக்கம்தான். அவள் அந்தக் கையைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடியும் காதைத் தொட்டு, அதே கேள்வியைக் கேட்டாள்.

கையைக் கீழே இறக்கினேன். என் நெஞ்சில் வைத்தேன். இரண்டு உள்ளங்கைகளையும் விரித்தேன். தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினேன். எனக்கு நடிக்க வராது. பிளாட்பாரத்தில் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு சீனக் கிழவி வாயைத் திறந்தபடி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கமலத்தின் கண்ணில் நீர் நிறைந்து வழிந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. பிறகு வாயைத் திறந்தாள். தைப்பூசத்துக்குப் பிறகு முதல் தடவை. அளவு தெரியாத குரலில், ஸ்டேஷன் முழுக்கக் கேட்கும்படி,

"அப்பவே சொல்லியிருக்கலாம்லப்பா?" என்றாள்.

அவள் என் அருகில் வந்து உட்கார்ந்தாள். "அம்மாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

இல்லை என்று தலையாட்டினேன்.

"நான் சொல்றேன்" என்றாள்.

அப்படியே செய்தாள். வீட்டுக்குள் நுழைந்ததும் சிவகாமியின் கையிலிருந்த அகப்பையை வாங்கிக் கீழே வைத்தாள். காதைத் தொட்டு, தூரத்தைக் காட்டி, உள்ளங்கைகளை விரித்து, "வராதாம்மா. அப்பாகிட்ட டாக்டரு அப்பவே சொல்லிட்டாரு" என்றாள். சிவகாமி என்னை ஒரே ஒருமுறை பார்த்தாள். அந்தப் பார்வைக்கு நான் இன்னும் கணக்குத் தீர்க்கவில்லை. பிறகு கால் நீண்டு வளர்ந்துவிட்ட அந்தப் பிள்ளையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு அழுதாள். கமலம் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் நிலைப்படியில் நின்றிருந்தேன்.

அடுப்பில் சோறு அடிப்பிடிக்கிற வாடை வந்ததும் சிவகாமி எழுந்தாள். பானையை இறக்கிவிட்டு மகள் பக்கம் திரும்பினாள். என்ன செய்வதென்று ஒரு கணம் தயங்கினாள். பிறகு கண்ணை அகல விரித்து, ஐந்து விரலையும் குவித்து வாயருகே கொண்டுபோய், வயிற்றைத் தடவி, பானையைக் காட்டி, மறுபடி வாயைக் காட்டி, உடம்பே ஆடும்படி கேட்டாள்.

கமலம் சிரித்துவிட்டாள்.

"கத்தாதம்மா" என்றாள். "புரியுது. போடு."